மெடிகேர் முடிந்தால் நர்சிங் ஹோமைக் காலி செய்ய வேண்டுமா?

அமெரிக்காவில் முதியோர் சட்ட வழக்குகளைப் பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. மெடிகேர் என்பது முக்கியமாக முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு. நர்சிங் ஹோம் என்றால் இங்கே தொடர் பராமரிப்பு தரும் இல்லம். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, அம்மாவை நர்சிங் ஹோமில் சேர்த்திருப்பார்கள். சில வாரங்களில் அங்குள்ள சமூகப் பணியாளர் ஒரு தாளை நீட்டி, "வெள்ளிக்கிழமையோடு மெடிகேர் முடிகிறது, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்" என்பார். பிள்ளைகள் பதறிப்போய் வாடகைக்கு மருத்துவக் கட்டில் தேடுவார்கள்.

அந்தத் தாள் வெளியேற்ற நோட்டீஸ் அல்ல. மெடிகேர் இனி பணம் தராது என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த முடிவை எதிர்த்தும் முறையிடலாம். கெடு மிகக் குறுகியது என்பதால் தாள் கைக்கு வந்த அன்றே அதிலுள்ள முறையீட்டு எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கைக்காசு கட்டியோ, தகுதியிருந்து அந்த இல்லமும் ஏற்பதாக இருந்தால் மெடிகெய்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) விண்ணப்பித்தோ அம்மா அங்கேயே இருக்கலாம். தேவையான ஆவணங்களைக் கொடுத்துவிட்டு மெடிகெய்டு முடிவுக்குக் காத்திருப்பவரை, பணம் கட்டவில்லை என்று வெளியேற்ற முடியாது.

மெடிகேர், மெடிகெய்டு சான்று பெற்ற நர்சிங் ஹோம்களை 1987ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஒருவரை வெளியேற்ற அது ஏற்கும் காரணங்கள் இவை: அங்கே தேவையான பராமரிப்பைத் தர முடியாத நிலை, உடல் தேறிவிட்டது, மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து, அவர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து, கட்டணப் பாக்கி, இல்லத்தையே மூடுவது. இந்த 6 காரணங்கள்தான். "மகன் ரொம்பப் புகார் செய்கிறார்" என்பது இதில் இல்லை!

பொதுவாக 30 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அவசர நிலைகளில் விலக்கு உண்டு. காரணம், தேதி, முறையிடும் வழி, எங்கே அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே அவர் வீட்டு முகவரியை எழுதியிருப்பார்கள். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பாதுகாப்பான ஏற்பாடு இல்லாமல் அனுப்பக் கூடாது என்று விதி சொல்கிறது. வெளியேறும் தேதிக்கு முன்பே முறையிட்டுவிட்டால், யாருக்கும் ஆபத்து இல்லாதவரை, தீர்ப்பு வரும்வரை அம்மாவை அனுப்ப முடியாது.

எனக்கு மிகவும் கோபம் வருவது இன்னொரு வழக்கத்தில். மறதிநோய் உள்ளவரை "கட்டுக்கடங்கவில்லை" என்று மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் திரும்பச் சேர்க்க மறுப்பது. இதுவும் வெளியேற்றம்தான், நோட்டீஸும் முறையீட்டு உரிமையும் இதற்கும் உண்டு. எழுத்தில் மறுப்பைக் கேளுங்கள், மாநிலத்தின் நீண்டகாலப் பராமரிப்பு ஓம்பட்ஸ்மேனை (இல்லவாசிகளின் புகார்களைக் கவனித்து அவர்களுக்காகப் பேசுபவர்) கூப்பிடுங்கள். அந்தச் சேவை இலவசம்.

அசிஸ்டட் லிவிங் இல்லங்களுக்கு, அதாவது அன்றாட வேலைகளுக்கு உதவி தரும் குடியிருப்புகளுக்கு, இந்த மத்தியச் சட்டம் பொருந்தாது. அங்கே மாநிலச் சட்டமும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும்தான் பேசும். சேரும் முன்பே வெளியேற்றம் பற்றிய பக்கத்தைப் படித்துவிடுங்கள்.