போட்டோ மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்: நாம் போடும் குறிச்சொல் எங்கே போகிறது?

போட்டோக்களை ஒழுங்குபடுத்த மென்பொருள் தேடுபவர்கள் முகங்களை அடையாளம் காணுமா, தேடல் வேகமாக இருக்குமா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது வேறு. ‘பாட்டி’, ‘கடற்கரை’ என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து நாம் போடும் குறிச்சொற்களை அது எங்கே எழுதி வைக்கிறது?

ஒரு ஜேபெக் கோப்புக்குள் படம் மட்டும் இருப்பதில்லை. எடுத்த நேரம், ஷட்டர் வேகம், ஜிபிஎஸ் ஆகியவற்றைக் கேமரா எழுதும் எக்ஸிஃப் பகுதி உண்டு. நாம் தரும் குறிச்சொல், நட்சத்திர மதிப்பீடு, விளக்கம் ஆகியவற்றுக்கு எக்ஸ்எம்பி என்ற பகுதி உண்டு. 2001இல் அடோபி கொண்டுவந்த இந்த முறை 2012இல் ஐஎஸ்ஓ தரமானது. இங்கே எழுதுவதால் படத்தின் தரம் குறையுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். குறையாது, படப்புள்ளிகளை அது தொடுவதே இல்லை. கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்புகளுக்கு மட்டும் பொதுவாக அதே பெயரில் ஒரு குட்டி எக்ஸ்எம்பி கோப்பு பக்கத்திலேயே உருவாகும். படத்தை நகர்த்தும்போது அதையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

ஆனால் எல்லா மென்பொருளும் கேட்காமலே கோப்பில் எழுதிவிடுவதில்லை. தேடல் வேகத்துக்காகப் பெரும்பாலானவை தமக்கென ஒரு டேட்டாபேஸ் வைத்துக்கொள்கின்றன. அடோபியின் போட்டோ மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக் அப்படி ஒரு எஸ்கியூலைட் வகை டேட்டாபேஸ் கோப்புதான். கேட்டலாக் அமைப்பில் எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் வசதியை நாம் இயக்காமலும் நாமாகக் கோப்பில் சேமிக்காமலும் விட்டால், குறிச்சொற்கள் அதற்குள்ளேயே தங்கிவிடும். டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் எதையெல்லாம் கோப்பில் எழுதலாம் என்பதை ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யலாம். அதனால்தான் நீண்டகாலச் சேமிப்புக்கு அதை நம்பிப் பரிந்துரைக்க முடிகிறது. கூகுள் போட்டோஸிலிருந்து, நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் டேக்அவுட் சேவை வழியாக எல்லாவற்றையும் இறக்கினால், நாம் எழுதிய விளக்கங்கள் படத்தில் இருக்காது, ஜேசான் எனப்படும் தனித்தனி உரைக் கோப்புகளில் வரும்.

பத்துப் படங்கள் போதும், சோதித்துவிடலாம். அவற்றின் நகலை ஒரு தனி ஃபோல்டரில் வையுங்கள். ஒரு குறிச்சொல், மூன்று நட்சத்திரம், ஒரு முகத்துக்குப் பெயர், ஒரு ஆல்பம் என்று கொடுங்கள். மென்பொருளை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். குறிச்சொல்லும் நட்சத்திரமும் தெரிந்தால் நல்லது. முகப் பெயர் சிலவற்றில் வரும், சிலவற்றில் வராது. ஆல்பம் அநேகமாக வராது, ஏனெனில் அது பெரும்பாலும் டேட்டாபேஸிலேயே வாழ்கிறது. ஆகவே முக்கியமான தொகுப்புகளுக்குக் குறிச்சொல்லும் சேர்த்துப் போடுங்கள். இன்னொன்று, மென்பொருளில் சேர்த்த படங்களை வெளியே ஃபைல் மேனேஜரில் நகர்த்தினால் பல மென்பொருள்கள் ‘கோப்பைக் காணவில்லை’ என்று நின்றுவிடும். நகர்த்துவதானால் மென்பொருளுக்குள்ளேயே நகர்த்துங்கள்.

தேதிதான் அடுத்த தலைவலி. வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும் படத்தில் எடுத்த நேரம் அழிந்திருக்கும். ஆண்ட்ராய்டில் அதன் கோப்புப் பெயரில் இருப்பது வந்து சேர்ந்த நாள். ஸ்கேன் செய்த பழைய படத்தில் இருப்பது ஸ்கேன் செய்த நாள். கேமரா கடிகாரம் தவறாக இருந்திருந்தால் ஒவ்வொரு படமாகத் திருத்த வேண்டாம். சரியான நேரம் தெரிந்த ஒரு படத்தை வைத்து வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எக்ஸிஃப் விவரங்களைத் திருத்தும் எக்ஸிஃப்டூலிலோ டிஜிகாமிலோ அந்தக் கேமராவின் எல்லாப் படங்களின் நேரத்தையும் மொத்தமாக மாற்றலாம். வீடியோக்கள் படங்களோடு சேராமல் சில மணி நேரம் தள்ளி நின்றால், அவற்றின் நேரம் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடிக்க ஒரு அழகான உத்தி இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 9க்கு 8 என்று 72 புள்ளிகளாகச் சுருக்குகிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு புள்ளி அடுத்ததைவிட வெளிச்சமாக இருக்கிறதா என்று பார்த்து 1 அல்லது 0 போட்டால், வரிசைக்கு 8 விடை, மொத்தம் 64. இரண்டு படங்களின் விடைகளில் சில இடங்கள் மட்டும் மாறினால் அவை ஒரே படமாக இருக்கலாம். அளவைச் சுருக்கினாலும் இந்த ஒப்பீடு பெரும்பாலும் பிடித்துவிடும். அடுத்தடுத்து எடுத்த படங்களையும் இது நகலென்றே காட்டக்கூடும் என்பதால் தானாக அழிக்க விடாதீர்கள். பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் முறையில் இந்தத் தவறு நேராது, ஆனால் இரண்டு நகல்களில் ஒன்றில் மட்டும் குறிச்சொல் எழுதிவிட்டால் அதற்கு இரண்டும் வெவ்வேறு கோப்பாகிவிடும். எனவே முதலில் நகல்களைக் களையுங்கள், பிறகு பேக்கப் எடுங்கள், குறிச்சொல் போடுவது அதன்பின் இருக்கட்டும்.