எகனாமைசர்: கொடியடுப்புல கெடச்ச சொல்லு

எங்க மில்லுக்குப் போன மாசம் ஒரு ஐடிஐ பையன் புதுசா சேந்தான். வேலந்தாவளத்துப் பையன், பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். பாய்லரைச் சுத்தி வந்து ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டி இதுக்குத் தமிழ்ல என்னங்கண்ணா, இதுக்கு என்னங்கண்ணான்னு கேட்டுட்டே இருந்தான். நானும் பர்னஸ்னா உலை, பாய்லர்னா கொதிகலன், சிம்னின்னா புகைபோக்கி, நம்ம ஊர்ப் பெருசுங்க பொகக்கூண்டுன்னும் சொல்லும்னு மடமடன்னு சொல்லிட்டு வந்தேன். பொகக்கூண்டுக்கு முன்னால பீரோ மாதிரி ஒரு பொட்டி நிக்குமே, எகனாமைசர், அதுகிட்ட வந்ததும் வாய் அடைச்சுப் போச்சு. பதினெட்டு வருசமா அதைச் சுரண்டிட்டு இருக்கேன், அதுக்குப் பேர் என்னன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

எங்க மில்லு பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை பக்கம், புழுங்கலரிசி மில்லு. மொதலாளி மலையாளத்துக்காரர், பாய்லர்ல நிக்குற நாங்க மூணு பேரும் தமிழு, கணக்கு எழுதுறது மலையாளத்துல, திட்டுறது ரெண்டுலயும். இதுல எகனாமைசர்ங்குற பேரை முழுசா சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கு, "எக்கனாமி"ன்னு சுருக்கிட்டோம். எக்கனாமிய கழுவு, எக்கனாமி ஒழுகுது, இப்புடித்தான். வெளியாள் கேட்டா நாட்டோட பொருளாதாரம் ஒழுகுதுன்னு நெனச்சுக்குவான்.

சொல்லுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பொட்டி என்ன பண்ணுதுன்னு பாத்துருவோம், அது தெரியாம பேர் வச்சா பேர் நிக்காது. உமியைக் கொட்டி எரிக்குறோம். உலைல இருந்து கிளம்புற சூட்டுப்புகை டியூப் டியூப்பா பூந்து தண்ணிக்குச் சூட்டைக் குடுத்துட்டு வெளிய வருது, ஆனா வரும்போது கையில இன்னும் 200, 250 டிகிரி வச்சிருக்கு. ஏன் அதையும் பாய்லரே வாங்கிக்கக் கூடாதான்னா, முடியாது. 7 கிலோ பிரஷர்ல பாய்லருக்கு உள்ள தண்ணி கொதிக்குறதே 170 டிகிரில. தன்னைவிட சூடு கம்மியா இருக்குறவன்கிட்ட இருந்து சூட்டை வாங்க முடியாதில்ல, அதனால நீங்க எத்தனை டியூப் சேத்துப் போட்டாலும் புகை 170க்குக் கீழ எறங்கவே எறங்காது, நடைமுறைல அதுக்கும் ரொம்ப மேலயே நின்னுரும். மிச்சச் சூடு எல்லாம் பொகக்கூண்டு வழியா மானத்துக்கு.

ஆனா பக்கத்து டாங்குல பாய்லருக்குப் போறதுக்குத் தண்ணி காத்துட்டு இருக்கு பாருங்க, அது வெறும் 30 டிகிரி. அந்தப் பச்சத்தண்ணியப் புகை போற வழில ஒரு பைப்புக் கூட்டத்துக்குள்ள விட்டுச் சுத்த வச்சா அது வெறியா சூட்டை உறிஞ்சிக்கும். அவ்வளவுதான் எகனாமைசர். தீயை அது கூட்டாது, உமியை நல்லா எரிக்காது, போறதுல கொஞ்சத்தை மறிச்சுத் திருப்பி உள்ள அனுப்புது.

கணக்கும் ரொம்ப சிக்கலில்ல. 30 டிகிரி தண்ணி ஒரு கிலோவை 7 கிலோ பிரஷர் நீராவியாக்க சுமாரா 630 கிலோ கலோரி வேணும். தண்ணிய ஒரு டிகிரி ஏத்த ஒரு கிலோ கலோரி. அப்ப 6 டிகிரி சூடாக்கி உள்ள விட்டா 630ல 6, கிட்டத்தட்ட நூத்துக்கு ஒண்ணு மிச்சம். "6 டிகிரிக்கு ஒரு பர்சன்ட்"னு பாய்லர்க்காரங்க வாய்ப்பாடு மாதிரி சொல்றது இதுலருந்துதான் வருது. புகைப் பக்கம் இருந்து பாத்தா 22 டிகிரி ஆறினா ஒரு பர்சன்ட்ம்பாங்க. எங்க பொட்டில தண்ணி 30ல நுழைஞ்சு 60ல வெளிய வரும், அப்ப 5 பர்சன்ட் உமி மிச்சம். மொதலாளிகிட்ட இதைச் சொன்னப்ப "உமி நம்மட நெல்லுலருந்து சும்மாதானேடா வருது"ன்னாரு. நெல்லுல அஞ்சுல ஒரு பங்கு உமிதான், வாஸ்தவம், ஆனா எரிக்காம மிஞ்சுற உமிய செங்கச் சூளைக்கும் கோழிப்பண்ணைக்கும் வித்துக் காசாக்குறதும் அதே மொதலாளிதான்.

சரி, பேருக்கு வருவோம்.

எகனாமின்னா இன்னைக்கு நமக்கு நிதியமைச்சர், விலைவாசி, ஜிடிபி. மூலம் கிரேக்கத்துல இருக்கு, ஓய்கோஸ்னா வீடு, நெமெய்ன்னா பங்கிட்டு நிர்வாகம் பண்றது. ரெண்டும் சேந்து ஓய்கோனோமியா, வீட்டு நிர்வாகம். நம்ம வழக்குல சொல்லணும்னா கட்டுஞ்செட்டுமா குடும்பம் நடத்துறது. அது லத்தீன் வழியா பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்து, வீட்டுக் கணக்குலருந்து நாட்டுக் கணக்கு வரைக்கும் பெருத்துப் போச்சு, நடுவுல எங்கயோ மிச்சம் பிடிக்குறதுங்குற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு. எகனாமைசர்னா மிச்சம் பிடிக்குறவன்.

மெஷினுக்கு இந்தப் பேரை வச்ச கதை தனி. 1816ல ஸ்காட்லாந்துல ராபர்ட் ஸ்டர்லிங்னு ஒரு பாதிரியார் சூட்டுக்காத்து இன்ஜினுக்குப் பேட்டன்ட் வாங்கினாரு. அதுல காத்து போகும்போது சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு திரும்பி வரும்போது குடுக்குற ஒரு பகுதி இருக்கு, அதை அவர் எகனாமைசர்னு சொன்னாரு. இன்னைக்கு அதுக்கு ரீஜெனரேட்டர்னு பேர் மாறிடுச்சு. பாய்லருக்கு இந்தப் பேரைக் கொண்டாந்தவர் எட்வர்ட் கிரீன், இங்கிலாந்துல வேக்ஃபீல்டுங்குற ஊர், 1845ல பேட்டன்ட். வார்ப்பிரும்பு பைப்புகளை வரிசையா நட்டமா நிறுத்தி, உள்ள தண்ணி வெளிய புகை. இதுல அவரோட உண்மையான கெட்டிக்காரத்தனம் பைப்புல இல்லைங்க, பைப்பைச் சுத்தி வளையம் மாதிரி சுரண்டி மாட்டி அது செயின்ல தொங்கிக்கிட்டு மெதுவா மேலயும் கீழயும் போய் கரியைச் சுரண்டிட்டே இருக்குற மாதிரி பண்ணிருந்தாரு, அதுலதான். கரி படிஞ்சா பைப்பு போர்வை போத்துன மாதிரி ஆயிரும், 3 மில்லிமீட்டர் கரி ஒட்டினாலே எரிபொருள் ரெண்டரை பர்சன்ட் கூடும்னு கணக்கு. பிடிச்ச மிச்சத்துல பாதி அங்கயே போயிரும். அந்தச் செயின் சுரண்டி எங்க பொட்டில இல்ல. எங்க பொட்டில சுரண்டி நான்தான்.

இப்ப தமிழ். பாடப்புத்தக பாணில நேரா மாத்தினா "சிக்கனப்படுத்தி", இன்னும் சுருக்குனா "சிக்கனி". சிக்கனம்ங்குறது நல்ல சொல்லுதான், குறை சொல்லல. சிக்குன்னு இறுக்கிப் பிடிக்குறது, மாணிக்கவாசகர் "சிக்கெனப் பிடித்தேன்"னு பாடுனாரே அந்தச் சிக்கென, அந்தக் குடும்பத்துச் சொல்லு. கைய இறுக்கி வச்சிருக்குறவன் சிக்கனக்காரன். ஆனா பாய்லர் மேட்டர்ல இதுல ஒரு கோளாறு இருக்கு. சிக்கனம்னா கம்மியா செலவு பண்றது, கைய மூடிக்குறது. இந்தப் பொட்டி எதையும் மூடிக்கல, போனதைத் திரும்பக் கொண்டு வருது. அதுவுமில்லாம காத்து வால்வை அளவா தொறந்து வச்சாலும் சிக்கனம்தான், லீக்கை அடச்சாலும் சிக்கனம்தான். எதைச் சொல்றோம்னு தெரியல.

இன்னொரு சொல்லு "ஊட்டுநீர் சூடேற்றி". ஊட்டுநீர்ங்குறது அழகு, ஃபீட் வாட்டருக்கு, அதாவது பாய்லருக்குள்ள விடுற தண்ணிக்கு, இதைவிட நல்ல சொல்லு கெடைக்காது. ஆனா பெரிய பவர் ஸ்டேஷன்ல ஃபீட் வாட்டர் ஹீட்டர்னு வேற ஒரு ஐட்டம் இருக்கு, டர்பைன்ல நடுவுல கொஞ்சம் நீராவி எடுத்து அதை வச்சு தண்ணிய சூடு பண்றது. அதுக்கும் இதே பேர்தான வைக்கணும், ரெண்டும் குழம்பும். 2025ல புதுச் சட்டம் வர்ற வரைக்கும் இருந்த 1923 பாய்லர் சட்டம் திருத்தங்களோட என்ன சொல்லுச்சுன்னு பாத்தா, கழிவுச் சூட்டை மீட்குறதுக்காகப் புகை படுற மாதிரி இருக்குற ஃபீட் பைப்போட பகுதின்னு எகனாமைசருக்கு விளக்கம் குடுத்திருந்துச்சு. கவனிங்க, வக்கீல் பாஷைல கூட சிக்கனம்ங்குற பேச்சே இல்ல. புகை, தண்ணி, மீட்குறது, இந்த மூணுதான்.

இப்புடி யோசிச்சுட்டே சைக்கிள்ல வீட்டுக்குப் போறேன், அம்முச்சி, அதான் அம்மாவப் பெத்த பாட்டி, அது வீட்டு நெனப்பு வந்துருச்சு. அந்த வீட்டு அடுப்பு களிமண்ணுல போட்டது, பெரிய வாய் ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல சின்ன வாய் ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல மண்ணுக்குள்ள ஒரு பொந்து. வெறகு வைக்குறது பெரிய வாய்ல மட்டும். பானைய நக்கிட்டு மிஞ்சுற தீயும் புகையும் அந்தப் பொந்து வழியா வந்து சின்ன வாய்ல ஏறும். அதுக்கு மேல எந்நேரமும் ஒரு குண்டால தண்ணி இருக்கும். பெரிய அடுப்புல சோத்துக்கு உலை வைக்கணும்னா அம்முச்சி பச்சத்தண்ணிய ஊத்தவே ஊத்தாது, இந்தக் குண்டாத் தண்ணிய மோந்து ஊத்தும், "வெந்தண்ணி ஊத்துனா வெறகு நாலு கம்மியாகும் சாமி"ன்னு சொல்லும். குண்டால திரும்பப் பச்சத்தண்ணி ரொப்பி வச்சிரும்.

அந்தச் சின்ன வாய்க்குப் பேரு கொடியடுப்பு.

ஏனுங்க, இது எகனாமைசர் இல்லாம வேற என்ன? பெரிய பானை பாய்லர், உலைத்தண்ணி ஊட்டுநீர், குண்டா எகனாமைசர். ஓய்கோனோமியான்னா வீட்டு நிர்வாகம்னு கிரேக்கன் சொன்னான், அந்த வீட்டு நிர்வாகத்தோட மெஷின் வடிவம் எங்க அம்முச்சி அடுப்பங்கரைல மண்ணுல இருந்துச்சு, நான் பதினெட்டு வருசம் அதோட இரும்பு வடிவத்துல கரி சுரண்டிருக்கேன், ரெண்டையும் சேத்துப் பாக்கல.

கொடிங்குற சொல்லும் இதுக்குப் பொருந்தி வருது. ஒரு எடத்துல இருந்து கிளம்பி நீண்டு ஓடுறது எல்லாம் நமக்குக் கொடி, மல்லிக்கொடி, துணி காயப்போடுற கொடி, தொப்புள்கொடி. கொடியடுப்புக்குன்னு தனித் தீ கிடையாது, தாயடுப்புல இருந்து ஓடி வர்றதுதான் அதோட சூடு. எகனாமைசருக்கும் தனித் தீ கிடையாது. இதைச் சிக்கனின்னு சொல்லும்போது தெரியல, கொடின்னு சொன்னதும் தெரியுது.

சின்னச் சின்ன வினையெல்லாம் கூட ஒத்துப் போகுது, அதுதான் எனக்கு ஆச்சரியம். கொடியடுப்பு மேல பாத்திரம் இல்லாம விட்டா புகை மேல வந்து கண்ணு எரியும், குண்டால தண்ணி இல்லாம விட்டா குண்டா கருகிரும். முன்ன நான் வேலை பாத்த ஒரு மில்லுல இதே வினைதான் நடந்துச்சு. அங்க ஃபீட் பம்ப் தானா ஓடி தானா நிக்குற மாதிரி, பாய்லர்ல மட்டம் நெறஞ்சதும் பம்ப் ஆஃப் ஆயிரும், ஆனா புகை நிக்குமா, அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும், பொட்டிக்குள்ள நகராம நின்ன தண்ணி அங்கயே கொதிச்சு ஆவியாகி, அடுத்து பம்ப் ஓடினதும் பச்சத்தண்ணி போய் முட்ட, டங்கு டங்குன்னு சம்மட்டில அடிக்குற மாதிரி சத்தம். எனக்கு அப்ப வேலை புதுசு, பாய்லர் வெடிக்கப் போவுதுன்னு ரோட்டு வரைக்கும் ஓடினேன். பொறவு பொட்டில இருந்து டாங்குக்குத் திரும்புற ஒரு பைப்பு போட்டு, தண்ணி எப்பவும் ஓடிட்டே இருக்குற மாதிரி பண்ணினாங்க, சத்தம் நின்னுச்சு.

சாம்பலும் அப்புடித்தான். உமிச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, மணல் மாதிரி, பைப்பு மேல படியவும் படியும், வேகமா அடிச்சா பைப்பை ராவி ஓட்டை போடவும் போடும். அம்முச்சி வாரத்துக்கு ஒருக்கா கொடியடுப்புப் பொந்துக்குள்ள குச்சி விட்டுச் சாம்பலை இழுக்கும். நாங்க பிரஷ் விட்டு இழுக்குறோம். ஃபர்னஸ் ஆயில் எரிக்குற எடத்துல இன்னொரு சங்கடம் உண்டு, எண்ணெய்ல கந்தகம் இருக்கும், புகைய ரொம்ப ஆற விட்டா ஆசிட் வேர்த்து பைப்பை அரிச்சிரும், அதனால ஆசை இருந்தாலும் ஒரு அளவுக்கு மேல உறிஞ்சக் கூடாது. உமில கந்தகம் கம்மி, எங்களுக்கு அந்தத் தலவலி அவ்வளவா இல்ல.

அப்ப சொல்லு என்ன? மொதல்ல "கொடிக்கலன்"னு வச்சுப் பாத்தேன். எழுத்துல பாக்க நல்லாருக்கு. ஆனா பாய்லர் ஹவுஸ் இரைச்சல்ல கொதிகலன்னும் கொடிக்கலன்னும் ஒண்ணாத்தான் கேக்குது, அதை மூடுன்னா இதை மூடிருவான், அது வேண்டாம். எழுத்துல எழுதணும்னா புகைவழி நீர்சூடாக்கின்னு எழுதலாம், நீளந்தான், ஆனா படிச்சாலே வேலை தெரியுது, பவர் ஸ்டேஷன் ஹீட்டரோடயும் குழம்பாது. பேச்சுல வெறும் "கொடி" போதும். கொடிய சுரண்டு, கொடி ஒழுகுது, கொடித்தண்ணி எவ்வளவு சூடு. எக்கனாமியவிட மூணு எழுத்து மிச்சம்.

பையன்கிட்ட சொன்னேன், அவனுக்குப் பிடிச்சுப் போச்சு, அவங்க பாட்டி வீட்லயும் அந்த அடுப்பு இருந்துச்சாம். அன்னைக்கே லாக் புக்ல எகனாமைசர் இன்லெட், அவுட்லெட்னு இருந்த எடத்துல பேனாவால அடிச்சுட்டு "கொடி உள்ள 31, கொடி வெளிய 60"னு எழுதி வச்சுட்டான். சாயந்திரம் மொதலாளி புக்கை வாங்கிப் பொரட்டினாரு, அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், தட்டுத்தடுமாறி எழுத்துக் கூட்டி வாசிப்பாரு. கொடின்னா மலையாளத்துல மொதல்ல ஞாபகம் வர்றது வேற இல்லியா. கண்ணாடியக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு.

"ஏது கொடியாடா இது, யூனியன்காரன்ட கொடியோ?"