ராக் என் எஸ்பான்யோல்: சொல் விளக்கம்

ஸ்பானிய மொழியில் பாடப்படும் ராக் இசைக்கு 'ராக் என் எஸ்பான்யோல்' என்று பெயர். இதில் 'என்' நம்முடைய 'இல்' உருபுக்குச் சமம். 'எஸ்பான்யோல்' மொழியின் பெயர். 'ராக்' மட்டும் ஆங்கிலத்திலிருந்து அப்படியே வந்தது. அதைப் பாறை என்று எண்ணிவிடக் கூடாது, ஆடுவது, அசைவது என்பதே இங்கே பொருள்.

இந்தப் பெயர் பரவியது 1980களில்தான். மெக்சிகோவில் அப்போது 'உன் மொழியில் ராக்' என்று விளம்பரம் செய்தே இசைத்தட்டுகளை விற்றார்கள். ஆனால் இசை இந்தப் பெயரைவிட மிக மூத்தது.

அமெரிக்காவில் அதன் தொடக்கத்தைத் தேடினால் 1958-க்குப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் பகோய்மா பகுதியில் வளர்ந்த ரிச்சர்ட் வலென்சுவேலா என்ற 17 வயதுப் பையன், ரிச்சி வேலன்ஸ் என்ற சுருக்கப் பெயரில் 'லா பாம்பா'வைப் பதிவு செய்தான். அது மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகப் பகுதியின் பழைய நாட்டுப்புறப் பாட்டு. 'நான் மாலுமி இல்லை, கப்பல் தலைவன்' என்று அதில் வருவதும் அந்த மண்ணின் வாசனைதான். ஊரில் யாழும் சிறு கிதார்களும் வாசித்த இடத்தில் வேலன்ஸ் மின்கிதாரையும் டிரம்ஸையும் வைத்தான். சொற்களை மட்டும் ஸ்பானிய மொழியிலேயே விட்டான். அவன் பேசி வளர்ந்தது பெரும்பாலும் ஆங்கிலம் என்பதை நினைத்தால் அந்தத் துணிச்சல் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 'டோனா' என்ற ஆங்கிலப் பாட்டு இருந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெளிவந்தும் அது அமெரிக்காவின் வெற்றிப் பாடல் பட்டியலில் 22-ஆம் இடம் வரை ஏறியது. 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் நடந்த விமான விபத்தில் அவன் இறந்துபோனான். அதே பாட்டை லாஸ் லோபோஸ் குழு 1987-இல் மறுபடி பாடியபோது அது முதலிடத்தையே பிடித்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. மெக்சிகோ நகரின் டீன் டாப்ஸ் போன்ற குழுக்கள் அமெரிக்க வெற்றிப் பாடல்களுக்கு ஸ்பானிய வரிகள் எழுதிப் பாடின. அவற்றை 'ரெஃப்ரீத்தோ', அதாவது மறுபடி வறுத்தது என்றார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஸ்பானிய ராக்' என்றால் ஸ்பெயின் நாட்டு இசை என்று தோன்றும். 'லத்தீன் ராக்' என்பது தாளத்தை வைத்து வந்த பெயர். கொங்கா போன்ற மேளங்கள் சேர்ந்தால் போதும், பாட்டு ஆங்கிலத்திலும் இருக்கலாம். 'சிக்கானோ ராக்' மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களின் இசையைக் குறிப்பது. அதிலும் ஆங்கிலப் பாடல்கள் ஏராளம். வேலன்ஸின் 'டோனா'வைச் சிக்கானோ ராக் எனலாம், ராக் என் எஸ்பான்யோல் எனக் கூடாது. 'லா பாம்பா' இரண்டுக்கும் பொருந்தும். மொழிதான் இங்கே அளவுகோல் என்பதால் 'ஸ்பானிய மொழி ராக்' என்று எழுதுவதே சரி. 'ராக்'கை விட்டுவிட்டுப் புதுச் சொல் கட்ட வேண்டியதில்லை, ஸ்பானிய மொழி பேசுகிறவர்களும் கட்டவில்லை.