ராக்கெட்டா, ஏவுகணையா, ஏவூர்தியா?

1967 நவம்பர் 9, காலை 7 மணி. ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து, நிலவுப் பயணத்துக்காக அமெரிக்கா கட்டிய சாட்டர்ன் 5 முதன்முறையாகக் கிளம்புகிறது. ஆள் யாரும் இல்லாத அப்போலோ 4 சோதனைப் பயணம் அது. ஏவுதளத்துக்கு ஏறக்குறைய 5 கி.மீ. தள்ளி, தற்காலிகக் கூடம் ஒன்றில் உட்கார்ந்து தொலைக்காட்சி நேரலையில் பேசிக்கொண்டிருக்கிறார் அமெரிக்கச் செய்தியாளர் வால்டர் கிரான்கைட். முதலில் தெரிவது தீ மட்டும்தான். 5 கி.மீ. கடந்துவர ஒலிக்குக் கிட்டத்தட்ட 15 நொடி வேண்டும். எஞ்சின்கள் பற்றுவதோ புறப்பாட்டுக்கு 9 நொடி முன்பு. ஆகவே அவருக்கு முதல் சத்தம் கேட்கும்போது அந்த உருவம் தரையை விட்டு எழுந்து 6 நொடி ஆகிவிட்டது. சத்தம் வந்ததும் கூடமே ஆடுகிறது, கூரை ஓடுகள் உதிர்கின்றன. அதிரும் கண்ணாடிச் சன்னலைக் கையால் பிடித்துக்கொண்டே பேசுகிறார் கிரான்கைட்.

இதைத் தமிழில் எந்தப் பெயரால் சொல்வது? செய்தித்தாள்கள் 'ராக்கெட்' என்கின்றன. சில இடங்களில் 'ஏவுகணை' என்று வருகிறது, இன்னும் சில இடங்களில் 'விண்கலம்' என்றே எழுதிவிடுகிறார்கள். மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பதுபோலப் புழங்குகின்றன. ஒரே பொருள் இல்லை.

முதலில் 'ராக்கெட்'. இந்தச் சொல் பிறந்த இடம் நூல் நூற்கும் வீடு. இத்தாலிய மொழியில் 'ரொக்கா' என்றால், நூற்பதற்கான பஞ்சையோ கம்பளியையோ சுற்றிவைக்கும் கோல். அதன் சிறு வடிவம் 'ரொக்கெட்டா'. நீண்ட உருளையாகச் செய்த வாணவெடி அந்தக் கோலைப் போல இருந்ததால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. அங்கிருந்து பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் எனப் பரவியது. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். அது எப்படிப் போகிறது, என்ன செய்கிறது என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை.

தமிழில் முன்பே இருந்த சொல் 'வாணம்'. வடமொழி 'பாண' என்பதிலிருந்து வந்தது, அம்பு என்று பொருள். வானில் சீறிப் போகும் வெடிக்கு அம்பின் பெயரைக் கொடுத்தார்கள். ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் இரும்புக் குழாயில் மருந்து அடைத்துப் போரில் எய்தவை இந்த வகைதான். அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தன் போர்வாணங்களைச் செய்தார். ஆனால் வாணம் என்றதும் இன்று மனக்கண்ணில் வருவது வாணவேடிக்கை. நிலவுக்குப் போகும் பொறியை அந்தச் சொல்லில் ஏற்ற முடியாது.

அடுத்தது 'ஏவுகணை'. கணை என்றாலும் அம்புதான். அம்பு இலக்கைத் தாக்குவதற்காகவே பிறந்தது. ஆகவே ஓரிடத்தைக் குறிவைத்து அழிக்கப் போகும் ஆயுதத்துக்கு ஏவுகணை மிகப் பொருத்தமான சொல். நிலவுக்கு ஆளை ஏற்றிச் செல்வதற்கு அது பொருந்தாது. இந்த எல்லைக்கோடு எப்போதும் துலக்கமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1957 அக்டோபர் 4 அன்று முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைச் சுமந்து சென்ற சோவியத்தின் ஆர்-7, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையாக உருவானது. 1961-இல் முதல் அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டை ஏற்றிச் சென்ற ரெட்ஸ்டோனும் ஏவுகணையிலிருந்து வந்ததே. சாட்டர்ன் 5-க்குத் தலைமை தாங்கிய வெர்னர் ஃபான் பிரவுன், அதற்கு முன் ஜெர்மனியில் வி-2 ஏவுகணையைச் செய்தவர். அதைத் தயாரித்த மிட்டெல்பாவ்-டோரா முகாமில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இந்த வரலாறு தெரிந்த பிறகு, ஏவுகணை என்ற சொல்லை எதற்கும் ஒட்டுப்போட எனக்கு மனம் வருவதில்லை. ஆயுதத்தை ஆயுதம் என்றே சொல்வோம். சாட்டர்ன் 5 தொடக்கத்திலிருந்தே ஆயுதமாக நினைக்கப்படாத பொறி, அதற்கு வேறு பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் ஏவூர்தி. ஏவு + ஊர்தி. 'வு'வில் உள்ள உகரம் கெட்டு ஊகாரம் வந்து ஏறுகிறது. எனவே 'ஏவுஊர்தி' என்றோ 'ஏவுவூர்தி' என்றோ எழுதத் தேவையில்லை.

இந்தச் சொல்லுக்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. 'ஏ' என்ற ஓரெழுத்துக்கே தமிழில் அம்பு என்று பொருள். ஏவுதல் என்றால் எய்தல். அம்புக்கு விசை முழுவதையும் வில் கொடுத்துவிடுகிறது. நாணை விட்ட பிறகு அம்பு தானாக எதையும் செய்வதில்லை, வேகம் குறைந்துகொண்டே போகும். ராக்கெட் அப்படியே தலைகீழ். அதைத் தள்ளிவிட வெளியே எதுவும் இல்லை. தன் எரிபொருளைத் தானே எரித்து, புகையைப் பின்னால் தள்ளித் தான் முன்னால் போகிறது. போகப்போக எடை குறைந்து வேகம் கூடுகிறது. அப்படியானால் 'ஏவு' எப்படிப் பொருந்தும்?

விடை, அந்த வினையின் இன்னொரு பொருளில் இருக்கிறது. ஏவுதல் என்றால் கட்டளையிடுதல். இலக்கணத்தில் 'செய்', 'போ', 'வா' என்பவற்றை ஏவல் வினை என்கிறோம். ஏவலாள் என்றால் சொன்னதைச் செய்பவன். யாரும் அவனைப் பிடித்துத் தள்ளுவதில்லை. சொல் பிறந்தது, அவன் தன் காலால் நடந்து போகிறான். ஏவூர்தியும் அப்படித்தான். எண்ணிக்கை பூச்சியத்தைத் தொடுகிறது, பிறகு தன் வலுவிலேயே போகிறது. ஆங்கிலத்தில் ஏவுதலைக் குறிக்கும் 'லாஞ்ச்' என்பதும் பழைய பிரெஞ்சில் ஈட்டி எறிதலைக் குறித்த வினையிலிருந்து வந்ததுதான். அங்கே ஈட்டி, இங்கே அம்பு. ஆனால் எறிதலோடு கட்டளையையும் சேர்த்து வைத்திருக்கும் தமிழ்ச்சொல் இந்த இடத்தில் ஒரு படி மேல் என்பேன்.

இனி 'ஊர்தி'. ஊர்தல் என்பதற்கு இரண்டு பொருள். எறும்பு ஊர்கிறது, பாம்பு ஊர்கிறது என்பது ஒன்று. யானை ஊர்ந்தான், தேர் ஊர்ந்தான் என்று ஏறிச் செல்வதைச் சொல்வது இன்னொன்று. 'சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை' என்ற குறளில் ஊர்ந்தான் என்பவன் பல்லக்கில் அமர்ந்து செல்பவன். ஏறிச் செல்வதற்கு உரியது ஊர்தி.

சாட்டர்ன் 5-இன் புறப்பாட்டைப் படச்சுருளில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஊர்தல் என்பதன் முதற்பொருளும் அதில் தெரியும். உயரம் சுமார் 110 மீட்டர். எடை ஏறத்தாழ 2,900 டன். அடியில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள். அவை ஐந்தும் சேர்ந்து நொடிக்கு 13 டன் மண்ணெண்ணெய் வகை எரிபொருளையும் திரவ ஆக்சிஜனையும் விழுங்குகின்றன. எஞ்சின் ஒன்றுக்குள் எரிபொருளை இறைக்கும் பம்பின் வலு மட்டும் 55,000 குதிரைத்திறன். இவ்வளவும் சேர்ந்து தரும் உந்துவிசை 3,400 டன்னுக்குச் சற்று மேல். அதில் 2,900 டன் அந்தப் பொறியின் சொந்த எடையைத் தாங்கவே போய்விடுகிறது. மிச்சம்தான் மேலே ஏற்றுவதற்கு. அதனால் அது வில்லிலிருந்து பாய்வதுபோலக் கிளம்புவதில்லை. கையிலிருந்து நழுவும் கல் கீழே விழும் முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கில்தான் மேலே எழுகிறது. பக்கத்தில் நிற்கும் கோபுரத்தைத் தாண்டவே பத்து நொடிக்கு மேல் ஆகும்.

கிட்டத்தில் பார்க்க வேண்டியது அந்த முதல் நொடிகளைத்தான். எஞ்சின்கள் எரியத் தொடங்கியும் நான்கு இரும்புக் கைகள் அதை அடியில் இறுகப் பிடித்திருக்கின்றன. உள்ளே ஆக்சிஜன் −183 டிகிரி குளிரில் இருப்பதால் வெளிச்சுவரில் பனிக்கட்டி படிந்திருக்கிறது. அதிர்வில் அது ஏடு ஏடாகப் பெயர்ந்து நெருப்புக்குள் விழுகிறது. ஐந்து எஞ்சின்களும் சரியாக எரிவது உறுதியானதும் கைகள் விலகுகின்றன. அப்போதும் முழு விடுதலை இல்லை. முனை கூம்பிய உலோக முளைகள் இறுக்கமான துளைகளின் வழியே இழுபட்டு வருகின்றன. ஏறக்குறைய முதல் 15 சென்டிமீட்டர் வரை அவை வேகத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. திடீரென்று குலுங்கினால் உடம்பு தாங்காது என்பதற்காக. இவ்வளவு வலுவுள்ள ஒன்றை இவ்வளவு மென்மையாக விடுவிக்க வேண்டியிருக்கிறது என்பது ஒவ்வொரு முறையும் என்னை உலுக்குகிறது. இரண்டரை நிமிடத்தில் முதல் அடுக்கு 67 கி.மீ. உயரத்தில் வெறும் கூடாகிக் கழன்று அட்லாண்டிக் கடலில் விழுகிறது.

ஏவுவதற்கு முன் அது உண்மையிலேயே ஊர்ந்தும் செல்கிறது. நிற்கவைத்துப் பொருத்தும் கட்டடத்திலிருந்து ஏவுமேடை வரை சங்கிலித்தடம் பூட்டிய மாபெரும் சுமைவண்டி அதைச் சுமந்து போகும். 1960-களில் கட்டிய அதே வண்டிதான் இன்றும் ஓடுகிறது. 2022 மார்ச்சில், நாசாவின் புதிய நிலவுத் திட்டத்தின் முதல் பயணமான ஆர்ட்டெமிஸ் 1-க்கான எஸ்.எல்.எஸ். ஏவூர்தி முதன்முறை வெளியே வந்தபோது, சுமார் 6.5 கி.மீ. போக 10 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதே ஏவூர்தி நவம்பர் 16 அன்று கிளம்பியபோது அதன் அழுத்தம் ஏவுகோபுரத்தின் மின்தூக்கிக் கதவுகளையே பிய்த்தெறிந்தது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். விண்கலம் என்பது விண்ணில் பயணம் செய்யும் கலம். கலம் என்றால் மரக்கலம்போல, பாத்திரம்போல, உள்ளே வைத்துக் காப்பது. ஆர்ட்டெமிஸ் 1-இல் எஸ்.எல்.எஸ். ஏவூர்தி, அதன் உச்சியில் இருந்த ஒரையன் விண்கலம். அப்போலோ 11-இல் சாட்டர்ன் 5 ஏவூர்தி, கொலம்பியாவும் ஈகிளும் விண்கலங்கள். ஏற்றிவிடுவது ஒன்று, ஏறிப்போவது மற்றொன்று.

நிலவுக்கான இந்தப் பெரும் ஏவூர்திகளுக்குத் தனிப் பெயரும் தேவைப்படுகிறது. புவியை ஒட்டிய தாழ் சுற்றுப்பாதைக்கு 50 டன்னுக்கு மேல் ஏற்றக்கூடியவற்றைத் தனி வகையாகவே பிரிக்கிறார்கள். மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) என்பதைப் போல இவற்றை 'மீப்பளு ஏவூர்தி' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. சாட்டர்ன் 5, எஸ்.எல்.எஸ். இரண்டும் இந்த வகை. முதல் அடுக்கில் 33 எஞ்சின்களோடு 120 மீட்டருக்கு மேல் நிற்கும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் இந்த வகைக்காகவே கட்டப்படுவது. 2023 ஏப்ரல் 20 அன்று அது முதன்முறை கிளம்பியபோது ஏவுமேடையின் கான்கிரீட்டே பெயர்ந்து பறந்தது. சோவியத்தின் என்-1 இந்த வகையில் துயரமான பெயர். முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவி, நான்கும் தோற்றன. 1969 ஜூலை 3 அன்று ஏவுமேடையிலேயே விழுந்து வெடித்து அந்த மேடையை நாசமாக்கியது. சரியாக 13 நாள் கழித்து அப்போலோ 11 கிளம்பியது.

ஏவு, ஊர்தி இரண்டும் ஒரே அடியில் வரும் பழைய வரி ஒன்று உண்டு. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 27-ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறார். வலவன் என்றால் தேரோட்டி. தேரோட்டி செலுத்தாமலே வானில் செல்லும் ஊர்தி. புகழோடு வாழ்ந்தவர் அதில் ஏறி மேலுலகம் போவார் என்பது பாட்டின் நம்பிக்கை. இதை வைத்துச் சங்ககாலத்தில் ராக்கெட் இருந்தது என்று சொல்ல வேண்டாம், பாட்டுக்கும் அது நல்லதில்லை. நம்மிடம் இருந்தது ஒரு கற்பனையும் அதற்குத் தேவையான சொற்களும். அதுவே பெரிய சொத்து.

ஆனாலும் அந்தத் தொடர் சாட்டர்ன் 5-க்குப் பொருந்துவதைப் பார்க்கும்போது சிலிர்க்கிறது. அதில் ஏறிய மூவரும் அதை ஓட்டவில்லை. மூன்றாம் அடுக்கின் தலையில் வளையமாகப் பொருத்திய கருவித்தொகுதியில் இருந்த கணினிதான் வழிநடத்தியது. 1969 நவம்பர் 14 அன்று அப்போலோ 12 மழைமேகத்துக்குள் ஏறும்போது முதல் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது. விண்கலத்துக்குள் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன, வீரர்களுக்குத் திசை காட்டும் கருவி நிலைகுலைந்தது. கீழே இருந்த ஏவூர்தியோ அசையாமல் தன் வழியே போய்க்கொண்டிருந்தது.

இலக்கணப்படி ஏவூர்தி வினைத்தொகை. ஏவிய ஊர்தி, ஏவுகின்ற ஊர்தி, ஏவும் ஊர்தி என மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. 1967 முதல் 1973 வரை 13 சாட்டர்ன் 5 ஏவூர்திகள் கிளம்பின. அப்போலோவின் கடைசிப் பயணங்கள் கைவிடப்பட்டதால் சில அடுக்குகள் மிஞ்சின. ஹியூஸ்டனில் ஒன்று படுத்த நிலையில் கிடக்கிறது. அதன் மூன்று அடுக்குகளும் பறப்பதற்கென்றே கட்டியவை, ஒன்றுகூட விண்ணுக்கு ஏவப்படவில்லை. எஞ்சின்களின் வாய்க்கு எதிரே நின்று அண்ணாந்து பார்க்கலாம், ஒவ்வொன்றின் அகலமும் ஓர் ஆளின் உயரத்தைப்போல இரு மடங்கு. அதை மட்டும் வினைத்தொகையாகச் சொல்ல முடியாது. புறநானூற்றுப் புலவர் சொன்னதைப் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக, ஏவா ஊர்தி என்றுதான் சொல்ல வேண்டும்.