0.05 பெரிதா, 1 பெரிதா? ஸ்டீராய்டு களிம்பின் கணக்கு

வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் இரண்டு டியூப்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 விழுக்காடு, இன்னொன்றில் குளோபெட்டசால் 0.05 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். எண் சின்னதாக இருக்கிறதே என்று இரண்டாவதைப் பிள்ளையின் கன்னத்தில் தடவினால் வம்புதான். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் ஹைட்ரோகார்ட்டிசோன் மிகச் சாது. குளோபெட்டசால் உச்சியில் இருப்பது. ஹைட்ரோகார்ட்டிசோனைவிட 600 மடங்கு வரை வீரியம் உள்ளதாகக் கணக்கிடுகிறார்கள். அரைத் துண்டு சில்லி பாடி என்ற குட்டி மிளகாய்க்கும் முழு பஜ்ஜி மிளகாய்க்கும் உள்ள உறவுதான் இது: அளவைப் பார்த்துக் காரத்தைச் சொல்ல முடியாது.

அந்த மடங்குக் கணக்கு எப்படி வந்தது என்பது சுவாரசியமானது. 1962இல் மெக்கென்சி, ஸ்டவ்டன் என்ற இருவர் ஸ்டீராய்டுகளைச் சாராயத்தில் கரைத்து, ஆட்களின் முன்கையில் சொட்டு சொட்டாக இட்டு, காற்றுப் புகாமல் மூடிவைத்தார்கள். பிறகு திறந்து பார்த்து, எந்த இடம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தம் குறைந்தால் தோல் வெளிறும். வீரியம் கூடக் கூட, மிகக் குறைந்த அளவிலேயே வெளிறல் தெரியும். இந்தச் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் இந்த வெளிறல் நம் மாநிறக் கையில் அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது என்பது வேறு விஷயம்.

குழாய்களைச் சுருக்குவது மேலோட்டமான வேலைதான். எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற தோல் அழற்சி நோய்களில் நோய் எதிர்ப்பு அணுக்கள் தேவையில்லாமல் தோலில் வந்து கூடி, ஒன்றையொன்று உசுப்பிவிடும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அதனால்தான் வீக்கம், அரிப்பு, நீர்வடிதல் எல்லாம். ஸ்டீராய்டு மூலக்கூறு கொழுப்பில் கரையும் என்பதால் அணுவின் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. அங்கே தனக்கென்றே இருக்கும் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைகிறது. அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களை அடக்கி, தணிக்கும் மரபணுக்களை முடுக்குகிறது. புதிய புரதங்கள் உருவாகி வேலை செய்ய நேரம் பிடிக்கும். தடவிய பத்தாவது நிமிடம் அரிப்பு நிற்கவில்லையே என்று மறுபடி தடவுவதில் பயன் இல்லை.

அதே ஏற்பி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜனைச் செய்கிற அணுக்களிலும் இருக்கிறது. அங்கே போன ஸ்டீராய்டு அந்த உற்பத்தியையும் குறைத்துவிடும். நன்மைக்கும் கெடுதலுக்கும் சாவி ஒன்றேதான். வீரியமான களிம்பை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் போட்டால் தோல் மெலிந்து, உள்ளிருக்கும் ரத்தக் குழாய்கள் நூல்நூலாகத் தெரியத் தொடங்கும். மேல்தோலின் மெலிவு, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் விழும் வரித் தழும்புகள் போகாது.

எந்த இடத்தில் தடவுகிறோம் என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல பகுதிகளில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் உறிஞ்சப்படுவதை 1 என்று வைத்துக்கொண்டால் உள்ளங்காலில் 0.14தான். நெற்றியில் 6, தாடை ஓரத்தில் 13, விதைப்பையில் 42. பாட்டியின் பாத வெடிப்பு எக்ஸிமாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து பேரனின் கழுத்து மடிப்புக்கு ஏன் ஆகாது என்பதற்கு இந்த எண்களே போதும். வீட்டுக்கு ஒரு டியூப், அது எல்லாருக்கும் என்ற வழக்கம் சீப்பில்கூட நல்லதில்லை. இதில் கேட்கவே வேண்டாம். குழந்தையின் டயப்பர் பகுதி இன்னும் மோசம். டயப்பர் தோலைக் காற்றுப் புகாமல் மூடுவதால் உறிஞ்சல் பன்மடங்காகும். கண்ணிமையில் தொடர்ந்து தடவினால் கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

ஒருநாளைக்கு எத்தனை முறை? 1963இல் விக்கர்ஸ் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஸ்டீராய்டு தடவி வெளிறிய இடம் பழைய நிறத்துக்கு வந்த பிறகு, சில நாள் கழித்து, மருந்தே போடாமல் அதே இடத்தை வெறுமனே பிளாஸ்டிக்கால் மூடினார். மறுபடியும் வெளிறியது! தோலின் மேலடுக்கில் மருந்து தங்கியிருந்து மெல்ல மெல்ல இறங்குகிறது. வீரியமான ஸ்டீராய்டை ஒரு முறை தடவினாலும் இரு முறை தடவினாலும் எக்ஸிமாவில் பலன் ஒன்றுதான் என்று காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் காலையில் தடவியது எம்ஆர்டி ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் வியர்வையோடு வழிந்துவிடும். இரவு குளித்து, ஒற்றித் துடைத்த பிறகு தடவுவது தோதானது. மாய்ஸ்சரைசரையும் இதையும் ஒன்றன் மேல் ஒன்றாக அப்பாமல், நடுவில் ஒரு கால் மணி, அரை மணி நேரமாவது விடுங்கள்.

'மெலிதாகத் தடவவும்' என்று லேபிளில் இருக்கும். எவ்வளவு மெலிதாக? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு, விரல்களையும் சேர்த்து, அந்தப் பரப்புக்கு இது போதும். குழந்தைக்குத் தடவும்போதும் விரலும் உள்ளங்கையும் பெரியவருடையதே. பெரியவருக்கு ஒரு கை முழுக்க மூன்று விரல்நுனி, ஒரு காலுக்கு ஆறு. இரண்டு கை, இரண்டு காலும் பாதித்திருந்தால் ஒரு வேளைக்கே ஒன்பது கிராம். 15 கிராம் டியூப் ஒன்றை ஆறு மாதமாக வைத்துக்கொண்டு 'இந்த மருந்து கேட்கவே இல்லை' என்று குறைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஏனென்றால், சிங்கப்பூரில் நான் பார்க்கிற பிரச்சினையில் பாதி, அதிகம் தடவுவதால் வருவதில்லை. பயந்துகொண்டு தொட்டும் தொடாமலும் தடவுவதால் வருகிறது. இங்கே பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எக்ஸிமா. 'ஸ்டீராய்டா? ஐயோ வேண்டாம்' என்று பாட்டி சொல்ல, அம்மா இரண்டு நாள் தடவி நிறுத்த, பிள்ளை சொறிந்து சொறிந்து தோல் யானைத்தோலாகிவிடும். அப்புறம் அதற்கு இன்னும் வீரியமான மருந்து தேவைப்படும். கன்னத்தில் வெளிறிய திட்டு வந்தால் பழி உடனே களிம்பின் மேல் விழும். வீரியமானதைத் தொடர்ந்து போட்டால் நிறம் குறையலாம் என்பது உண்மை. ஆனாலும் பெரும்பாலான திட்டுகள் அழற்சி விட்டுப்போன தடம். மாதக்கணக்கில் தானாக மாறும்.

நம் தோலில் அழற்சி சிவப்பாகவும் தெரியாது. பழுப்பு, சாம்பல், சில சமயம் கத்தரிப்பூ நிறம். ஆகவே கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள்: சொரசொரப்பாகவோ தடிப்பாகவோ இருந்தால் உள்ளே இன்னும் புகைகிறது. பக்கத்துத் தோல் போல வழவழப்பாகிவிட்டால், கறுப்புத் தடம் மிச்சமிருந்தாலும், வேலை முடிந்தது. தடம் போகட்டும் என்று ஸ்டீராய்டைத் தொடர்வதுதான் தப்பு. பொதுவாக முகத்துக்குச் சாதுவான வகை சில நாள், உடம்புக்கு நடுத்தரமோ வீரியமோ ஒரு வாரம், இரண்டு வாரம் என்று டாக்டர் சொல்வார். அடிக்கடி திரும்பி வருகிறவர்களுக்கு, அடங்கிய பிறகும் வழக்கமான இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் தடவச் சொல்வதும் உண்டு.

மறுபக்கம், படர்தாமரை. தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியில் பூட்ஸும் ஈரச் சீருடையுமாகக் கிடக்கும் பையன்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் சகஜமாக வரும். அதன் மேல் ஸ்டீராய்டு போட்டால் ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும், ஆளுக்குச் சந்தோஷம். எதிர்ப்பு அடங்கியதால் பூஞ்சைக்கு அதைவிடச் சந்தோஷம். வளையத்தின் ஓரம் மங்கி, டாக்டருக்கே அடையாளம் தெரியாதபடி பரவும். இந்தியாவுக்குப் போய்வருகிறவர்கள் வாங்கிவரும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் ஒரே டியூபில் இருக்கும். இப்படிப்பட்டவற்றைக் கண்டபடி பயன்படுத்தியது, வழக்கமான மாத்திரைக்கு மசியாத படர்தாமரை இந்தியாவில் பெருகியதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள்.

சிவப்பழகுக் களிம்பு என்று வருவதையும், இணையத்தில் 'முழுக்க மூலிகை, குழந்தைக்கும் ஏற்றது' என்று விற்பதையும் சந்தேகத்தோடு பாருங்கள். அப்படி விற்ற களிம்புகளில் சொல்லாமல் சேர்த்த வீரியமான ஸ்டீராய்டு இருந்ததைச் சிங்கப்பூரின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சுகாதார அறிவியல் ஆணையம் பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூலிகை என்று வந்தது இரண்டே நாளில் எக்ஸிமாவைத் துடைத்துப்போட்டால், மகிழ்வதற்கு முன் டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

இப்படிப்பட்டதை முகத்தில் மாதக்கணக்கில் பூசி, சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு முகம் தீயாக எரிந்து வீங்கும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் இதைப் பற்றி எச்சரித்தது. நிறுத்துவதையும் டாக்டரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

கண்ணிமை, உதட்டோரம் போன்ற மெல்லிய இடங்களில் அடிக்கடி தேவைப்பட்டால் டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பைக் கேட்டுப் பாருங்கள். தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் டியூபைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துத் தடவலாம்.