தெளிந்த தண்ணீருக்குக் கீழே

"எங்கட பக்கம் ஒரு ஃபக்டரியும் இல்லையே, பிறகு குளத்துக்குள்ள என்ன ஈயமும் பாதரசமும்?" பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வன்னிக்குள் போகும்போதெல்லாம் இதைக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐரோப்பாவில் அல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் உச்சியில், ஆள் நடமாட்டமே குறைந்த ஏரிகளின் அடிச்சேற்றிலும் இவை இருக்கின்றன. காற்றில் வந்து மழையோடும் பனியோடும் இறங்கியவை. ரோமர் காலத்தில் ஈயம் உருக்கிய புகையின் தடம்கூட சில ஏரிகளின் சேற்றுப் படைகளில் பதிந்திருக்கிறது.

வன்னிக் குளங்களுக்குக் காற்று மட்டுமல்ல, ஆறும் வாய்க்காலும் கொண்டுவரும். கட்டுக்கரைக் குளத்துக்கு வரும் அருவியாறு அநுராதபுரத்தைக் கடந்துதான் தேக்கம் அணைக்கட்டுக்கு வருகிறது. வயலுக்குப் போடும் பொஸ்பேற்றுப் பசளையில் கட்மியம் என்ற நச்சு உலோகம் கொஞ்சம் இருக்கும். அது பசளை செய்யும் பாறையிலேயே உள்ளது.

இந்த உலோகங்களில் பெரும்பகுதி தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்பதில்லை. களிமண்ணிலும் இரும்புத் துருவிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். சிறுபோகம் முடிந்து குளம் வற்றும் நேரம், பாசியும் தாமரையும் அழுகி அடியில் ஒட்சிசன் தீர்ந்துபோனால் அந்தத் துரு கரையும். அதில் ஒட்டியிருந்த ஆசனிக் என்ற நஞ்சு திரும்பத் தண்ணீருக்குள் வரும். அதே சேற்றில் உள்ள பக்டீரியா பாதரசத்தை, உடம்பில் சேர்ந்து தங்கும் மெதைல் பாதரசமாக மாற்றும். பிறகு அது சின்ன மீனிலிருந்து அதைத் தின்னும் விராலுக்கு ஏறும். மாரியில் ஒருமுறை எடுத்த தண்ணீர் அறிக்கையை வைத்து "குளம் சுத்தம்" என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். பழைய சோடாப் போத்தலில் கொண்டுவந்தால் உலோகம் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். அமிலத்தால் கழுவிய போத்தலை ஆய்வுகூடமே தரும். உலோகம் சுவரில் ஒட்டாதிருக்க நைத்திரிக் அமிலம் சேர்த்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2க்குக் கீழே வைக்க வேண்டும். அலைகரையில் இறங்கிக் கலக்கிவிட்டு அள்ளினால் சேறும் சேர்ந்து வந்து அளவு எகிறும்.

கொதித்தாறிய நீர் கிருமிக்கு நல்லது. உலோகம் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். குடிநீரில் ஈயத்துக்கும் ஆசனிக்குக்கும் உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம், கட்மியத்துக்கு 3.

வவுனியாப் பக்கச் சிறுநீரக நோயைப் பற்றிப் பேச்சு வந்தாலே கட்மியம்தான், ஆசனிக்தான் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே உலோகத்தின் தலையில் அதைக் கட்டுவதற்கு ஆதாரம் போதாது. அதற்காகக் குளத்து மீனைக் கைவிடவும் வேண்டாம்.

எனக்குப் பயம் வேறொன்றில். பழைய வாகனப் பற்றரியை உடைத்து, ஈயத்தை வீட்டு முற்றத்தில் உருக்கி, மீன் வலையைத் தாழ்த்தக் கட்டும் மணி வார்ப்பதுதான் அது. அந்தப் புகையையும் தூசியையும் முதலில் உள்ளெடுப்பது பக்கத்தில் விளையாடும் பிள்ளைகள். மழை வந்தால் மிச்சம் வாய்க்காலுக்குப் போகும். புதுப் பற்றரி வாங்கும்போது பழையதைக் கடைக்காரர் விலை கழித்து எடுப்பார். உள்ளே இருக்கும் அமிலத்தை ஊற்றாமல் அப்படியே கொடுங்கள்.