எவ்வளவு பாதுகாப்பு இருந்தால் போதும்?

அணு உலையில் விபத்தே நடக்காது என்று எந்தப் பொறியாளரும் எழுதிக் கொடுக்க மாட்டார். சரி, எவ்வளவு பாதுகாப்பு இருந்தால் போதும்? 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் ஓர் உலையின் எரிபொருள் பாதியளவு உருகிய பிறகு, இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1986-இல் பதிலை ஓர் எண்ணாகவே சொன்னது: ஆயிரத்தில் ஒரு பங்கு.

எதில்? சாலை விபத்து, தீ, தவறி விழுவது என ஏதோ ஒரு விபத்தில் சாகும் அபாயம் எல்லோருக்கும் உண்டு. உலையிலிருந்து ஒரு மைலுக்குள் வசிப்பவர் உலை விபத்தால் உடனடியாக இறக்கும் அபாயம், அந்த மொத்தத்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புற்றுநோய் மரணத்துக்கும் இதே விகிதம்தான். எல்லை மட்டும் 10 மைல்.

இதை நேரடியாக அளக்க வழியில்லை. அதனால் நடைமுறையில் பொறியாளர்கள் உலையின் எரிபொருள் சேதமடையும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். பொதுவான வரம்பு, ஓர் உலைக்கு ஆண்டொன்றுக்கு 10,000-இல் ஒன்று. பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு தடவைதானே என்று நிம்மதியடைய வேண்டாம். உலகில் நானூறுக்கு மேற்பட்ட உலைகள் இருக்கின்றன. எல்லாமே அந்த வரம்பில் நின்றால், சராசரியாக 25 ஆண்டுக்குள் எங்காவது ஒன்று!

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? குழாய் உடைந்தால் எந்த பம்ப் ஓட வேண்டும், அது ஓடாவிட்டால் அடுத்து எது என்று கிளை கிளையாக வரைந்து, ஒவ்வொரு கிளைக்கும் வாய்ப்பைப் போட்டுப் பெருக்குவார்கள். ஒரு டீசல் ஜெனரேட்டர் 100 தடவையில் ஒரு தடவை கிளம்பாது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இருந்தால், இரண்டுமே கிளம்பாமல் போவது 10,000-இல் ஒன்று. ஆனால் ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பில்லாத வரைக்கும்தான் இந்தப் பெருக்கல் செல்லும். 2011-இல் ஃபுகுஷிமாவில் ஒரே சுனாமி பல ஜெனரேட்டர்களைச் சேர்த்தே முடக்கியது. மூன்று உலைகள் உருகின.

எனக்கு இடிப்பது இன்னொன்று. ஃபுகுஷிமாவில் கடும் கதிர்வீச்சு நோயால் யாரும் இறக்கவில்லை. உடனடி மரணம் பற்றிய இலக்கை வைத்துப் பார்த்தால் கணக்கில் பூஜ்யம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். 1986-இன் இரண்டு இலக்குகளிலும் அதை அளக்க ஓர் எண் இல்லை.